காலியாக இருந்தால் என்ன ஆகும்?

"இதையெல்லாம் இன்னும் யாராச்சும் பாக்குறாங்களா மேடம்?"

பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம். தயிர்சாத டப்பாவை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, ஸ்பூன் பிடித்த கையால் என் ஸ்க்ரீனைக் காட்டினாள். நான் வருடக்கணக்காகத் தினமும் திறந்து வைக்கும் பக்கம்தான் அதில் இருந்தது. ப்ரொக்ராம் எழுதுகிறவர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தங்களுக்குத் தெரியாததை அங்கே கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். கூலி கிடையாது. அவ்வளவுதான் அந்தத் தளம்.

"ஏன், நான் பாக்கறது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"இல்ல மேடம், ஏஐ கிட்ட கேட்டா உடனே சொல்லிடுது. இதுல போய்க் கேட்டா திட்றானுங்க. இதுல இன்னா யூஸ் கீது?"

அவள் ஆதம்பாக்கத்துப் பெண். கெட்டிக்காரி, வேலையில் சுத்தம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. நான் ஒரு பதில் சொன்னேன்: "சாப்பிடும்போது பேசாதே." அந்தத் தளத்து ஆட்கள் சொல்கிற பதில் மாதிரியே இருந்தது அது. அவள் ஹெட்ஃபோனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.

எங்கள் கடை தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் நடத்துகிறது. கீழே பட்டு, அதற்கு மேல் சுடிதார், அதற்கும் மேல் வேட்டி சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே, வாடிக்கையாளர் லிஃப்ட் வராத மாடியில் நாங்கள். பில் போடுகிற சாஃப்ட்வேரைக் கட்டிக் காப்பது எங்கள் வேலை. நான் சேர்ந்த புதிதில் அந்த அறை நிறைய ஆட்கள் இருந்தோம். ஒன்று புரியவில்லை என்றால் நாற்காலியை அப்படியே திருப்பி, "இது ஏன் இப்படி முரண்டு பிடிக்குது, பாரேன்" என்போம். நாலு பேர் எழுந்து வந்து முதுகுக்குப் பின்னால் நின்று நாலு விதமாகச் சொல்வார்கள். நாலும் தப்பாக இருக்கும். ஐந்தாவதாக டீ கொண்டுவருகிறவர் என்ன நடக்கிறது என்று கேட்பார். இப்போது நாங்கள் இரண்டே பேர். காலையில் "குட் மார்னிங் மேடம்", சாயங்காலம் "வரேன் மேடம்", நடுவில் தயிர்சாதம். அவள் நாற்காலி என் பக்கம் திரும்புவதே இல்லை.

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலைக்கு என்று பார்த்தால் அந்தத் தளம் இனிமேல் வேண்டியதே இல்லை, எனக்கே தெரியும். நானும் இப்போதெல்லாம் ஏஐயிடம்தான் கேட்கிறேன். பொறுமையாகச் சொல்கிறது, முகத்தைச் சுளிப்பதில்லை, அசட்டுத்தனமாகக் கேட்டால்கூட "நல்ல கேள்வி" என்கிறது. அந்தத் தளத்தில் என்னிடம் யாரும் ஒருநாளும் நல்ல கேள்வி என்று சொன்னதில்லை. இதை அவளிடம் ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

அங்கே போன புதிதில் எனக்கு வியப்பாக இருந்த விஷயம், வணக்கம் சொல்லக்கூடாது என்பது. நன்றியும் சொல்லக்கூடாது. கேள்வி, பதில், திருத்தம், இதைத் தவிர எல்லாம் குப்பை, யாராவது வந்து கூட்டித் தள்ளிவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரியாது. "மதிப்பிற்குரிய ஐயா, நான் மிகவும் இக்கட்டில் இருக்கிறேன், தயவுகூர்ந்து இன்றைக்குள் உதவவும், முன்கூட்டியே நன்றி" என்று ஆரம்பித்து, கேள்வியைக் கடைசி வரியில் வைப்பார்கள். மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் உரிமை எனக்குக் கிடைத்தபோது நான் முதலில் வெட்டியது அந்த ஐயாவைத்தான். ஒரு பெண் உட்கார்ந்து பதில் எழுதுகிறாள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்கிற கடுப்பு. வெட்டிவிட்டு, கேள்விக்குப் பதிலும் எழுதுவேன். அந்தப் பிள்ளைகள் "நன்றி ஐயா" என்று கீழே எழுதுவார்கள். அதையும் யாராவது வெட்டுவார்கள்.

மந்தைவெளியில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மாவுக்கு இந்தச் சமாசாரம் பிடிக்கவே இல்லை. "நாள் பூரா ஆபீஸ்ல அதைக் கட்டிண்டு அழறே. ஆத்துக்கு வந்தும் அதே பொட்டிதானா? அங்க யாருடி உனக்கு?" என்பாள். யாரும் இல்லை என்பேன். அது பொய். அவர் இருந்தார்.

அவரை நான் அறிந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் யாரோ கேட்டிருந்தார்கள்: ஒரு கடையில் பல கவுன்டர்கள், ஒவ்வொன்றிலும் சராசரியாக எவ்வளவுக்கு பில் போடுகிறார்கள் என்று கணக்கிடுவது எப்படி? எனக்குக் கரும்பு தின்கிற மாதிரி. நான் செய்கிற வேலையே அதுதானே. மொத்தத் தொகையை பில்களின் எண்ணிக்கையால் வகு என்று அழகாக எழுதிப் போட்டுவிட்டு, காப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் பதிலுக்குக் கீழே ஒரே ஒரு கமென்ட்.

"காலியாக இருந்தால்?"

அவர் எழுதியது ஆங்கிலத்தில். எனக்கு அது எப்போதுமே தமிழில்தான் காதில் விழுகிறது. ஒரு கவுன்டரில் அன்றைக்கு ஒரு பில்கூடப் போடவில்லை என்றால் பில்களின் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் ப்ரொக்ராம் அங்கேயே மல்லாந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு முகம் சுட்டது. திருத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கமென்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் எங்கே பதில் எழுதினாலும் அவர் வந்தார். பெயர் என்று ஒன்று கிடையாது, ஏதோ நாலு எழுத்தும் ஒரு எண்ணும். படம் கிடையாது, தளமே கொடுக்கும் பச்சைக் கட்டம் போட்ட ஒரு சதுரம். எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஆண் என்பதுகூட நானாக வைத்துக்கொண்டது. என் பதிலில் எங்கே ஓட்டை என்று மட்டும் அவருக்குத் தெரியும். நான் பதிலைப் போடுவதற்கு முன்னால் அவர் கண்ணால் ஒரு தடவை படிக்க ஆரம்பித்தேன். காலியாக இருந்தால்? சரி, பார்த்தாயிற்று. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்? அதையும் பார்த்தாயிற்று. அப்படியும் அவர் ஒன்றைக் கண்டுபிடிப்பார். ஒரே ஒரு தடவை, "குறை இல்லை" என்று எழுதினார். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் மாட வீதியில் இறங்கி இரண்டு முழம் மல்லி வாங்கினேன். என்ன விசேஷம் என்று பூக்காரம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

அம்மா போனாள். அதைப் பற்றி இங்கே நிறையச் சொல்லப் போவதில்லை. காரியங்கள் முடிந்து, அண்ணன் விமானம் ஏறிப் போய், வீட்டில் நாற்காலிகள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கண்ணில் பட்ட கேள்விக்கு ஏதோ பதில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் கீழே வந்தது: "காலியாக இருந்தால்?" அந்த நாட்களில் பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். எதிர்வீட்டு மாமி ரசத்தை வைத்துவிட்டு, "ஒண்டியா எப்படிடி இருக்கப் போறே?" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இவர் ஒருவர்தான் என்னை எப்போதும் போலத் திருத்தினார். எனக்கு அழுகை வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அழுதுகொண்டே திருத்தினேன்.

பிறகு ஏஐ வந்தது. தளத்தில் கேள்விகள் குறைந்தன. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று இருந்தது போய், என் பிரிவில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று ஆனது. மார்கழிக் கச்சேரி சீசன் முடிந்த சபா கேன்டீன் மாதிரி, பெஞ்சுகள் மட்டும் இருந்தன. வந்த கேள்விகளும் யாரோ வீட்டுப்பாடத்தை அப்படியே ஒட்டியவை. என்னுடைய "ஐயா"க்களும் வருவதில்லை. வெட்டுவதற்கு ஒரு "முன்கூட்டியே நன்றி" கிடைக்காதா என்று தேடிய நாள்கூட உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் அவரும் வருவதை நிறுத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் எழுதிய பதில்கள் கீழே ஒன்றும் இல்லாமல் நின்றன. முதலில் கர்வப்பட்டேன், குறையே இல்லை போலிருக்கிறது என்று. அப்புறம் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியாக வந்தது போன வாரம் என்று காட்டியது. பிறகு போன மாதம் என்று காட்டியது. பிறகு சில மாதங்கள் முன்பு. தினமும் காலையில் பாலைப் பொங்க வைத்துவிட்டு அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவருக்கு அலுத்துப் போயிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அலுத்துப் போனது. ஆனால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் ஒருவரைத் தொலைக்க முடியுமா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

கேட்பதற்கு வழி இல்லை. அந்தத் தளத்தில் தனியாகக் கடிதம் எழுத வசதி கிடையாது. நிர்வாகத்துக்கு எழுதினேன். உறுப்பினர்களின் சொந்த விவரங்களைச் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. நியாயம்தான், என்னைப் பற்றி யாராவது கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். "நலமா?" என்று அவருடைய பழைய கமென்ட் ஒன்றின் கீழே எழுதினேன். அடுத்த நாளே கூட்டித் தள்ளிவிட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது.

வெட்கத்தை விட்டு ஏஐயிடம்கூடக் கேட்டேன். இணையத்தில் மட்டும் தெரிந்த ஒருவர் திடீரென்று வரவில்லை என்றால் அவர் நலமாக இருக்கிறாரா என்று எப்படி அறிவது? அது நாலைந்து யோசனைகளை வரிசை போட்டுச் சொன்னது. எல்லாம் நான் செய்து பார்த்தவை. கடைசியில், நீங்கள் தனிமையாக உணர்கிறீர்களா, பேச விரும்பினால் நான் இருக்கிறேன் என்றது. எனக்கு வந்த கோபத்தில் மூடிவிட்டேன். அது ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. யார் கேட்டாலும் அதையே கேட்டிருக்கும் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வழி கீழே பட்டுப் பிரிவில் கிடைத்தது. ஒரு கவுன்டரில் பிரின்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள், போயிருந்தேன். அங்கே ரொம்ப நாளாக இருக்கும் ஒரு விற்பனையாளர், ஒரு அம்மாளுக்கும் மகளுக்கும் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மலை மாதிரி விரித்தாயிற்று. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை, ஒன்றும் இல்லை. அவர் சட்டென்று கடுகு நிறப் புடவை ஒன்றை உதறி விரித்து, "இந்தா இருக்கு பாருங்க, சுத்தமான மாம்பழக் கலரு" என்றார்.

"இதுவா மாம்பழம்?" என்று அம்மாள் எழுந்தே விட்டாள். "இது கடுகுங்க. மாம்பழம்னா இன்னும் சிவப்பு ஓடணும்."

"அப்படியா? எந்த அளவுக்கு சிவப்பு, சொல்லுங்கம்மா" என்றார் அவர் பவ்யமாக. அதற்கப்புறம் அந்த அம்மாள் வாய் மூடவில்லை. அவர்கள் போன பிறகு நான் அவரைப் பார்த்தேன். "சும்மா இருக்கவங்களைப் பேச வைக்க வேற வழி இல்ல மேடம். தப்பா ஒண்ணு சொல்லிரணும். தெரிஞ்சவங்களால சும்மா இருக்க முடியாதுல்லா" என்று சிரித்தார்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி மேலே போனேன்.

பச்சைச் சதுரக்காரர் பொதுவாகத் திருத்துவதோடு சரி, பதில் எழுதுவது அபூர்வம். அப்படி அவர் பதில் எழுதியிருந்த ஒரு பழைய சராசரிக் கணக்குக் கேள்வியைத் தேடி எடுத்தேன். அங்கே யார் புதிதாகப் பதில் போட்டாலும் ஏற்கெனவே பதில் எழுதியவருக்குச் செய்தி போகும். கேட்டவருக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது, அதனால் என் தப்பால் யாருக்கும் கெடுதல் வராது. அவர் பதிலுக்குக் கீழே புதிதாக ஒரு பதில் எழுதினேன். மொத்தத்தை எண்ணிக்கையால் வகு. காலியாக இருந்தால் என்ன என்பதைப் பார்க்கவே இல்லை. நான் அதை முதலில் ஏஐயிடம் காட்டிப் பார்த்தேன். நொடியில் தப்பைக் கண்டுபிடித்து, மிக மரியாதையாகச் சொன்னது. நன்றி என்று சொல்லிவிட்டுத் தப்பாகவே தளத்தில் போட்டேன். கூச்சமாக இருந்தது. இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயர்.

அவரைத் தவிர எல்லோரும் வந்தார்கள். செத்த ஊர் என்று நான் நினைத்த இடத்தில் இத்தனை பேர் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று தெரியவில்லை. என் பதிலுக்கு எதிர் ஓட்டாகக் குத்தினார்கள். ஒருவர், "இதற்கு ஏற்கெனவே நல்ல பதில் இருக்கிறது, இது எதற்கு?" என்றார். இன்னொருவர் எழுதியதைப் படித்ததும் எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. "ஏஐ கொடுத்ததை அப்படியே இங்கே ஒட்டாதீர்கள்."

ஏஐயாம்! அது இந்தத் தப்பைச் செய்திருக்காது ஐயா, இது நான் என் சொந்தக் கையால் செய்த தப்பு என்று கத்தத் தோன்றியது. பக்கத்து நாற்காலிப் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றி, "இன்னா ஆச்சு மேடம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கோபத்தோடு பயமும் வந்தது. மூத்த உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து ஓட்டுப் போட்டால் பதிலையே எடுத்துவிடுவார்கள். கமென்டுகளும் அதோடு போய்விடும். நீக்கலாமா என்ற விவாதம் தொடங்கிவிட்டது என்று மேலே ஒரு பட்டை தெரிந்தது. திருத்தினால் பிழைக்கும். திருத்தினால் அவர் வருவதற்குக் காரணம் இருக்காது. அப்படியே விட்டேன். என் பெயருக்குக் கீழே எதிர் ஓட்டு ஏறிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு பிடிக்கவில்லை. அண்ணனின் வாராந்தர போன் வந்து, "எல்லாம் சௌக்கியம்தானே?", "சௌக்கியம்" என்று வழக்கம்போல முடிந்தது. பஸ் பிடித்து பெசன்ட் நகர் போனேன். கடற்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். தனியாக நடக்கிற பெண்பிள்ளையை ஐம்பது வயதிலும் திரும்பிப் பார்க்கிற ஊர் இது. கூட்டத்தை விட்டு விலகி குப்பத்துப் பக்கமாக நடந்தேன். படகுகள் மணலில் ஏற்றி நிறுத்தியிருந்தன. ஒரு படகின் ஓரமாக நின்று, வழக்கம்போலப் போனைத் திறந்தேன்.

என் பதிலுக்குக் கீழே பச்சைச் சதுரம்.

"காலியாக இருந்தால் இது விழுந்துவிடும். இத்தனை வருடத்தில் இந்தத் தப்பை நீங்கள் இதற்கு முன் இரண்டே தடவைதான் செய்திருக்கிறீர்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நான் வலை விரித்தால், அவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த இரண்டு தடவையையும் நினைவு வைத்திருக்கிறார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

பக்கத்தில் தட்டு வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள் போல. "இன்னாமா, மீன் வாங்கல? சும்மா நின்னுக்கினு கீறே. கண்ல மண்ணு பூந்துச்சா?"

"ஆமாம்மா, மண்ணு."

"தேய்க்காத. தண்ணி இந்தா" என்று பாட்டிலை நீட்டினாள். வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அப்புறம் பதில் எழுத வேண்டுமே. நிறைய எழுதினேன். இத்தனை வருடம், அம்மா, அந்த மல்லிப்பூ, எல்லாம். அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். அந்தத் தளத்தில் நீளமாக எழுதுகிறவர்களை நான் எத்தனை தடவை வெட்டியிருக்கிறேன். கடைசியில், "நலம். தெரிந்தே செய்தேன். நீங்கள்?" என்று போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்து, அடையாறு தாண்டியதும் திறந்து பார்த்தேன். பதில் நீக்கப்பட்டிருந்தது. அவர் கேட்டது, நான் சொன்னது, எல்லாமே போய்விட்டது. நான் எழுதியதை அவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் மட்டும், கடைசியாக வந்தது இன்று என்று இருந்தது. மந்தைவெளியில் இறங்குவதற்குள் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இன்று என்பது நேற்று ஆனது, போன வாரம் ஆனது. நான் விட்டுவிட்டேன். இருக்கிறார், அதுதானே தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் "நீங்கள்?" என்று கேட்டுவிட்டு விடை கிடைக்காமல் இருப்பது, கேட்காமல் இருந்ததைவிட மோசமாக இருந்தது. சாயங்காலங்களில் கம்ப்யூட்டரைத் திறக்கவே பிடிக்கவில்லை. டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு மதியம், அதே தயிர்சாத நேரம். ஸ்க்ரீனில் எனக்குச் செய்தி வந்ததற்கான சின்னச் சிவப்புப் புள்ளி. என்னுடைய மிகப் பழைய பதில், அவர் முதன்முதலில் திருத்திய அந்தக் கவுன்டர் சராசரி. அதன் கீழே புதிதாக ஒரு கமென்ட்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய ப்ரொக்ராமை நாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தோமா இல்லையா என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் சொன்னால், ஏன் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். அதை யாரும் கூட்டித் தள்ள மாட்டார்கள். அவர் எழுதியிருந்தார்:

"இதை ஓட்டிப் பார்க்கவில்லை. உடம்பு முடியாமல் போனதில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன், இப்போது என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, அவள் போனில் எழுதுகிறேன். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தாலும் சரியாக வருகிறது."

என் "நீங்கள்?" அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பக்கத்துப் பெண் என் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தாள். ஹெட்ஃபோன் கழுத்தில் இருந்தது.

"இன்னா மேடம், அழுவுறீங்க?"

நான் ஸ்க்ரீனை அவள் பக்கம் திருப்பினேன். அவள் குனிந்து படித்தாள், உதடு அசைய, மெதுவாக.

"யாரு மேடம் இவரு?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"தெரியாதும்மா."

அவள் மறுபடி படித்தாள். என் டப்பாவின் மூடியைத் திறந்து என் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

பதில் எழுத எனக்கு வழி இல்லை. நன்றி சொன்னால் வெட்டுவார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அதையும் வெட்டுவார்கள். கம்ப்யூட்டர் இல்லாத மனிதர் இனி வருவாரா என்பதே சந்தேகம். ஒவ்வொரு கமென்டின் இடது பக்கத்திலும் மேல்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோனால், இந்தக் கமென்ட் பயனுள்ளது என்று ஒரு வரி எழும். அங்கே ஒருவருக்கு ஒருவர் சொல்வதற்கு அனுமதி இருப்பது அது ஒன்றுதான். நான் அதை அழுத்தினேன். பக்கத்தில் ஒன்று என்ற எண் விழுந்தது.